மணிலா கூடைப்பந்தாட்ட லீக் சொந்த அரங்கு கட்டப்போகிறதாம்; மலையகத்துக்கு ஒரு கூரையாவது கிடைக்குமா?

#1 மலைச்சாரல் (கொட்டகலை)

பிலிப்பைன்ஸின் பி.பி.ஏ. லீக் தனக்கென்று ஓர் அரங்கைக் கட்டத் திட்டமிடுகிறது. கூடைப்பந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக் அது. 1975 ஏப்ரல் 9ஆம் திகதி மணிலாப் பெருநகரின் அரனெட்டா கொலிசியத்தில் 9 அணிகளோடு ஆரம்பித்தது. அரை நூற்றாண்டு கடந்தும் சொந்தக் கூரை கிடையாது.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. அரனெட்டாவும் சரி, மோல் ஒஃப் ஏசியா அரங்கும் சரி, பெரும் வர்த்தகக் குழுமங்களின் சொத்து. வெளிநாட்டுப் பாடகர் ஒருவர் இரண்டு இரவுகள் கேட்டால் அரங்கு அவருக்குப் போய்விடும். பல்கலைக்கழகப் போட்டிகளும் பெண்கள் கரப்பந்தாட்ட லீக்கும் அதே நாட்களுக்குக் காத்து நிற்கின்றன. அதனால் பி.பி.ஏ. ஆட்டங்கள் ஒரு வாரம் பாசிக்கில், இன்னொரு வாரம் அந்திப்போலோவில் என்று அலைகின்றன.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்த அணிகளுக்கு ஊர் இல்லை. சான் மிகேல், ஜினேப்ரா, டி.என்.டி., மெரல்கோ எல்லாம் பியர், ஜின், தொலைபேசி, மின்சாரம் என்று கம்பனிகளின் பெயர்கள். சொந்த ஊர் மைதானம் என்ற பேச்சே இல்லாததால் முழு லீக்கும் ஒரே கூரையின் கீழ் ஆடலாம். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் கிளார்க் பகுதியில் ஒரு பல்கலைக்கழக உள்ளரங்கில் எல்லா அணிகளையும் அடைத்துவைத்து ஒரு கிண்ணத்தையே நடத்தி முடித்தார்கள்.

நம் பக்கம் வருகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தில் திறந்த திடலில் ஒரு சுற்றுப்போட்டியை முழுதாக முடிப்பதே பெரும் பாடு. மலையகத்துக்கென்று ஓர் உள்ளக அரங்கு வேண்டும் என்பது என் கட்சி. எங்கே, எவ்வளவு பெரிதாக, யார் கையில்? பேசுவோம்.

#2 கணக்குப்பிள்ளை (பொகவந்தலாவை)

முதலில் எத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்று சொல்லுங்கள். எங்கே கட்டுவது என்பது பிறகு.

ஹம்பாந்தோட்டை கிரிக்கெட் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். 35,000 பேருக்கு இடம். 2011 உலகக் கிண்ணத்தில் இலங்கையும் கனடாவும் ஆடியபோது நாமும் தொலைக்காட்சியில் பார்த்துப் பெருமைப்பட்டோம். அதன் பிறகு அங்கே வருடத்துக்கு எத்தனை ஆட்டம்? கட்டும்போது கைதட்ட ஆள் இருக்கும். புல் வெட்டுகிற சம்பளத்துக்கு ஆள் தேடவேண்டி வரும்.

மணிலாவிலும் கதை முழுக்க இனிப்பில்லை. 2023 ஜனவரி 15இல் ஜினேப்ராவும் பே ஏரியா டிராகன்ஸும் மோதிய இறுதி ஆட்டத்துக்கு 54,589 பேர் வந்தார்கள். உண்மைதான். ஆனால் அதே லீக்கின் வாரநாள் ஆட்டங்களில் கெமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் வெற்று இருக்கைதான் தெரிகிறது. ஒரு நாள் கூட்டத்தைப் பார்த்துக் கட்டடத்துக்கு அளவு எடுப்பவன் கணக்குத் தெரிந்தவன் இல்லை.

#3 மூன்றுபுள்ளி (ஹட்டன்)

ஐயா, நீங்கள் எல்லாவற்றுக்கும் ஹம்பாந்தோட்டையைக் கொண்டுவருவீர்கள் :)

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்தாட்ட அணியைப் பாருங்கள். 1999 முதல் 2024 வரை அதே ஊர் லேக்கர்ஸ் அணியின் கூரையின் கீழேயே காலம் தள்ளினார்கள். அதே கட்டடத்தில் ஐஸ் ஹொக்கி அணியும் இருந்தது. நல்ல நாட்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, ஞாயிறு நண்பகல் மாதிரி மிச்சம் மீதி இவர்களுக்கு. கடைசியில் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர் சுமார் 2 பில்லியன் டொலரில் இன்ட்யூட் டோம் என்ற அரங்கைக் கட்டினார். ஏறக்குறைய 18,000 இருக்கைகள். இப்போது அவர்கள் யாரிடமும் திகதி கேட்கவேண்டியதில்லை.

சொந்த இடம் வந்தால்தான் மரியாதை வரும். நாங்கள் கொழும்புக்குப் போட்டிக்குப் போனால் பாதி நேரம் பலகைத் தரையில் காலை எப்படி வைப்பது என்று பழகுவதிலேயே போய்விடுகிறது. இங்கே சீமெந்து. விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும்.

#4 கணக்குப்பிள்ளை (பொகவந்தலாவை)

தம்பி, பால்மர் மைக்ரோசொஃப்ட் கம்பனியை நடத்தியவர். அவருடைய பணம், அவருடைய அரங்கு. நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெயர் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

#5 கடல்தாண்டியவன் (தோஹா)

நான் தலவாக்கலைக்காரன், வேலை கட்டாரில். என் அறையில் இரண்டு பிலிப்பைன்ஸ்காரர்கள். வெள்ளிக்கிழமை என்றால் அவர்களுக்கு முதலில் பந்து, பிறகுதான் சாப்பாடு. 2027 உலகக் கிண்ணக் கூடைப்பந்தாட்டம் இங்கே கட்டாரில் நடக்கவிருப்பதால் இப்போதே டிக்கெட் பேச்சு. (நானும் அவர்களோடு சேர்ந்து பைத்தியமாகிவிட்டேன், அது வேறு கதை.)

நீங்கள் எல்லோரும் மேல் மாடியைப் பார்க்கிறீர்கள். அந்த நாட்டில் கூடைப்பந்து 55,000 பேர் அமரும் பிலிப்பைன் அரங்கால் வளரவில்லை. பரங்காய் என்று நம் கிராம சேவகர் பிரிவு போல ஒரு நிர்வாகப் பிரிவு அங்கே உண்டு. நாடு முழுக்க ஏறத்தாழ 42,000. ஊருக்கு ஊர் அந்த மட்டத்தில் கூரை போட்ட திடல் ஒன்றைப் பார்க்கலாம். இரும்புத் தூண், இரும்புச் சட்டம், மேலே தகரம், சுவர் கிடையாது. அவ்வளவுதான். காலையில் பிள்ளைகளின் உடற்பயிற்சி, மாலையில் பந்து, சனிக்கிழமை யாருடையதாவது கல்யாணம், புயல் வந்தால் ஊர் முழுக்க அதன் கீழே.

பி.பி.ஏ. சொந்த அரங்கைப் பற்றி யோசிக்க முடிவதே கீழே இப்படி ஆயிரக்கணக்கான கூரைகள் ஏற்கெனவே இருப்பதால்தான். நமக்கு அந்தக் கூரைதான் முதலில் வேண்டும்.

#6 ஊவாக்காரி (பண்டாரவளை)

கடல்தாண்டியவன் சொன்ன கல்யாணம்தான் எனக்குப் பயம்.

பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் பக்கத்து நகரம் ஒன்றில் ஒரு மண்டபம் இருக்கிறது. பெயர் வேண்டாம். திறப்பு விழாப் பலகையில் விளையாட்டு என்று பொறித்திருக்கிறார்கள். நடப்பது திருமண வரவேற்பு, சீட்டுக் கூட்டம், தேர்தல் கூட்டம், வருட இறுதியில் சேலை மலிவு விற்பனை. வலயப் போட்டிக்கு முன்னே பிள்ளைகளோடு போய் நின்றால், சாவி இன்னொருவரிடம் இருக்கிறது என்கிறார்கள். அந்த இன்னொருவரைப் பிடித்தால், அன்றைக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்கிறார். கோடை வெயிலில் திறந்த வெளியில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போகிறோம்.

மணிலாக்காரர்களின் புகாரும் இதுவே. அவர்களுக்குக் கட்டடம் இல்லாமல் இல்லை, கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. நாள் அவர்கள் கையில் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன்: சொந்தமாகக் கட்டிய பிறகு கடனை அடைக்க அந்த லீக்கே பாடகருக்கு அரங்கை வாடகைக்கு விடும். ஆட்டம் இல்லாத நாட்களில் மட்டும் என்று தொடங்குவார்கள். நல்ல விலை வந்தால் ஆட்டத்தையே நகர்த்துவார்கள். ஆகவே மலையகத்தில் எங்கே கட்டினாலும் முதல் கேள்வி, வாரத்தில் எந்த மணித்தியாலங்கள் பிள்ளைகளுடையவை என்பதை எழுத்தில் தருவார்களா என்பதுதான். கூரையின் அளவெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று. தலைப்பில் கூடைப்பந்தாட்டம் என்று போட்டுவிட்டீர்கள். மலையகப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் அதிகம் ஆடுவது வலைப்பந்து. நாட்டின் தேசிய விளையாட்டு கரப்பந்து. வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2 மீற்றரைத் தாண்டிய உயரத்தோடு ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது எங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னே நின்றதை நான் பார்த்தவள். அவர்களுக்கு இடமில்லாத கூரைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

#7 மலைச்சாரல் (கொட்டகலை)

டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். எல்லா விளையாட்டுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சின்னச் சின்னக் கூரையாகச் சிதறடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய போட்டி வந்தால் இருக்கையும் உடைமாற்றும் அறையும் வேண்டாமா? கொழும்பு சுகததாச உள்ளக அரங்கை விட்டால் நம் பிள்ளைகளுக்கு வேறு எது? நுவரெலியாவில் ஒன்று, நல்லதாக ஒன்று. ஏப்ரல் வசந்த காலத்தில் ஊர் முழுக்க சனம். கூட்டத்துக்குப் பஞ்சமில்லை.

#8 கணக்குப்பிள்ளை (பொகவந்தலாவை)

ஏப்ரலில் வருபவர்கள் குதிரைப் பந்தயமும் பூக் கண்காட்சியும் பார்க்க வருபவர்கள். மற்றப் பதினொரு மாதமும் அரங்குக்கு யார் விளக்குப் போடுவது?

கூட்டம் வேண்டுமென்றால் 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் பேசிய அன்று வந்தது கூட்டம். அதற்குக் கூரை தேவைப்படவில்லை.

தலைப்பை விட்டு விலகியும் ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்துக் காணியில் எதையும் நட முடியாது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. கழிப்பறை கட்டுவதற்கே எத்தனை கையெழுத்து என்று தோட்டத்து அலுவலகத்தில் இருந்தவனுக்குத் தெரியும். ஆகையால் பாடசாலைக் காணியோ பிரதேச சபைக் காணியோ மட்டும்தான் பேச்சுக்கு எடுக்கக்கூடியது.

#9 இரும்புச்சட்டம் (கம்பளை)

கூரை வேலை செய்கிறவன் என்பதால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கூரை கூரை என்கிறீர்கள். மலையில் கூரை மட்டும் போதாது.

பிலிப்பைன்ஸ் பாணியில் நாலு பக்கமும் திறந்து விட்டால், நம் ஊர் மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவத்தில் அடிக்கும். ஆக அந்தத் திசைக்கு அரைச் சுவரும் மேலே தகர மறைப்பும் வேண்டும். பதுளைப் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே பெரிய மழை வடகீழ் பருவத்தில், ஜூலை ஓகஸ்டில் வறண்ட கச்சான் காற்று. ஹட்டனுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே பண்டாரவளைக்குக் கொண்டுபோனால் சுவர் தப்பான பக்கத்தில் நிற்கும்.

திறந்த கூரைக்குள் காற்று புகுந்தால் அது மேல்நோக்கித் தூக்கும். தூண் சாய்வதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் அத்திவாரம் தூணைக் கீழே பிடித்து வைத்திருக்க வேண்டும். அதில் சீமெந்தை மிச்சம் பிடிக்கக்கூடாது.

அடுத்தது வியர்வை. நுவரெலியாவில் இரவு குளிரில் மெல்லிய தகரத்தின் உள்பக்கம் நீர் கோர்க்கும். காலையில் வெயில் பட்டதும் சொட்டுச் சொட்டாக ஆடுகளத்தில் விழும். மழையே இல்லாமல் தரை ஈரம். தகரத்துக்குக் கீழே வெப்பத்தடுப்பு விரிப்பும் கூரை உச்சியில் காற்றோட்டமும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். பலகைத் தரை என்று தம்பி ஆசைப்படுகிறார். மேப்பிள் பலகை ஈரத்தைக் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும். ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் இரவும் பகலும் ஓடாமல் நம் பனியில் அது நிற்காது. மின்கட்டணத்தை யார் கட்டுவது? சொரசொரப்பான செயற்கைப் பூச்சுப் போட்ட கொங்கிரீட் போதும்.

நிலச்சரிவு பற்றி யாருமே பேசவில்லை. நம் மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அத்திவாரம் தோண்டக்கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை மறக்கமுடியாது. 2025 நவம்பர் டித்வா புயலில் மறுபடி பார்த்தோம். பெரிய அரங்கு என்றால் பெரிய சமதரை வேண்டும். அதற்கு மலையை வெட்டவேண்டும். வெட்டிய மலை சும்மா இருக்காது.

#10 கடல்தாண்டியவன் (தோஹா)

டித்வா நேரம் எங்கள் வீட்டார் பாடசாலை வகுப்பறையில்தான் படுத்திருந்தார்கள். இடம் பாதுகாப்பானது என்று அனுமதி கிடைத்த காணியில் ஒரு கூரைத் திடல் இருந்திருந்தால் வகுப்பறைகளையாவது விட்டிருக்கலாம். பணம் கேட்கப் போகும்போது விளையாட்டுத்துறை அமைச்சிடம் மட்டும் போகாதீர்கள், அனர்த்த முகாமைத்துவப் பக்கமும் தட்டுங்கள்.

மலைச்சாரல் அண்ணனுக்கு ஒன்று: பிலிப்பைன்ஸில் இன்னொரு லீக்கும் இருக்கிறது. குத்துச்சண்டை வீரர் மனி பக்கியாவ் தொடங்கியது, எம்.பி.பி.எல். என்பார்கள். 2018இலிருந்து ஆடுகிறது. அங்கே அணிகளுக்கு ஊர்ப் பெயர். ஆட்டம் ஊர் ஊராகப் போகிறது, அந்தந்த ஊர் உள்ளரங்கில். நமக்கு அது பொருந்தும். ஹட்டன் அணி பதுளைக்கு ரயிலில் போகட்டும், அடுத்த வாரம் பதுளை இங்கே வரட்டும்.

#11 மூன்றுபுள்ளி (ஹட்டன்)

சின்னதும் நல்லதுதான் என்று எனக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. அமெரிக்காவில் நபீசா கோலியர், பிரியானா ஸ்டுவர்ட் என்ற இரண்டு வீராங்கனைகள் சேர்ந்து அன்ரைவல்ட் என்று ஒரு பெண்கள் லீக் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் முதல் பருவம். பக்கத்துக்கு மூன்று பேர் ஆட்டம். மயாமிக்கு அருகே தங்களுக்கென்றே ஓர் அரங்கு அமைத்தார்கள். அந்த முதல் பருவத்தில் இருக்கை வெறும் 850. எல்லா அணியும் அந்த ஒரே இடத்தில். தொலைக்காட்சிக்குத்தான் ஆட்டம், நேரில் வருவோர் மேலதிகம்.

மூன்று பேர் ஆட்டம் ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 2022 பர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் இலங்கையும் அதில் ஆடியது. ஒரு வளையம் போதும். சட்டப்படி களம் 15 மீற்றர் அகலம், 11 மீற்றர் நீளம். அது எங்கள் பாடசாலை முற்றத்திலேயே அடங்கும்!

#12 கணக்குப்பிள்ளை (பொகவந்தலாவை)

இப்போதுதான் தம்பி என் பாஷையில் பேசுகிறார். முழுக் களம் 28 க்கு 15. மலையில் அவ்வளவு சமதரை எங்கே இருந்தாலும் அங்கே ஏற்கெனவே ஒரு கிரிக்கெட் பிட்ச் இருக்கும், அதற்கு ஒரு சங்கமும் இருக்கும், அந்தச் சங்கத்துக்கு இரண்டு தலைவரும் இருப்பார்கள்.

#13 ஊவாக்காரி (பண்டாரவளை)

ஒரு நிமிடம். வலைப்பந்துக் களம் 30.5 மீற்றருக்கு 15.25. மூன்று பேர் ஆட்டத்தின் அளவுக்குக் கூரை போட்டால் பெண் பிள்ளைகள் மறுபடியும் வெளியே. இதைத்தான் #6இல் சொன்னேன்.

#14 இரும்புச்சட்டம் (கம்பளை)

டீச்சர் கேட்பது நியாயம். ஆனால் இடமும் பணமும் வைத்துப் பார்த்தால் மூன்று அளவுகள்தான் உண்டு.

மூன்று பேர் களத்துக்குச் சுற்றிவர 2 மீற்றர் விட்டால் 19 க்கு 15. கரப்பந்துக் களம் 18 க்கு 9. சுற்றி 3 மீற்றர் விட்டால் 24 க்கு 15. ஆக 24 க்கு 15 கூரை போட்டால் இரண்டும் அதற்குள் அடங்கும். உயரம் மட்டும் எங்கேயும் 7 மீற்றருக்குக் குறையக்கூடாது, கூரையின் இரும்புச் சட்டத்தின் அடிப்பக்கம் வரை. வலைப்பந்து என்றால் 36 மீற்றருக்குக் குறையாத நீளம், 21 மீற்றர் அகலம். தூண் நடுவில் வைக்கமுடியாது, ஆகவே இரும்பின் எடை ஏறும், செலவு இரட்டிப்பைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

என் யோசனை: ஹட்டன் பக்கம் பாடசாலைகளில் 24 க்கு 15. ஊவாவில் சமதரை கிடைக்கிற ஓர் இடத்தில் பெரியது ஒன்று, வலைப்பந்துக்கு என்றே கோடு போட்டு.

#15 ஊவாக்காரி (பண்டாரவளை)

ஹட்டன் பெண் பிள்ளைகள்?

#16 மலைச்சாரல் (கொட்டகலை)

24 க்கு 15இல் வலைப்பந்துக் களத்தின் மூன்றில் இரண்டு பகுதி கிட்டத்தட்ட அடங்குமே. எய்தல் பயிற்சிக்குப் போதும். முழு ஆட்டத்துக்குப் போதாது, தெரியும்.

நுவரெலியா பெரிய அரங்கை நான் கைவிடவில்லை, ஆனால் இந்த இழையில் அதற்கு ஆதரவாக ஒரு குரலும் எழவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். பிரதேச சபைக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் கொடுக்க ஒரு கடிதம் வரைகிறேன். 24 க்கு 15, உயரம் 7, தென்மேற்குப் பக்கம் சுவர், உச்சியில் காற்றோட்டம், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இட அனுமதி முதலில். வேறென்ன?

#17 ஊவாக்காரி (பண்டாரவளை)

திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் 6 வரை பாடசாலைப் பிள்ளைகளுக்கு. அதில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். சாவி உடற்கல்வி ஆசிரியரிடம். கல்யாணம் சனி ஞாயிறில், வாடகை பராமரிப்புக் கணக்குக்கு, கணக்குப் பலகையில் ஒட்டப்படவேண்டும். இவை கடிதத்தின் முதல் பக்கத்தில் இருந்தால் என் பெயரையும் போடுங்கள். இணைப்பில் என்றால் வேண்டாம்.

#18 கணக்குப்பிள்ளை (பொகவந்தலாவை)

பராமரிப்புக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம். ஆனால் திறப்பு விழாவுக்குப் பொன்னாடை வாங்கிய பில்லை அதில் நுழைக்க விடமாட்டேன்.

#19 மூன்றுபுள்ளி (ஹட்டன்)

எங்கள் முற்றத்தை இன்றைக்கு அளந்தோம். 26 மீற்றர் நீளம். அகலம் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 14 தான், அங்கே மண்மேடு இருக்கிறது. மேட்டைக் கொஞ்சம் வெட்டினால் சரியாகிவிடும் என்று அதிபர் சொல்கிறார்.

#20 இரும்புச்சட்டம் (கம்பளை)

மேட்டில் கை வைக்காதீர்கள். கூரையின் நீளத்தை 19க்குக் குறைத்து, 16 மீற்றர் அகலம் உள்ள பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள்; மூன்று பேர் களம் முழுதாக வரும், கரப்பந்தை வெயில் நாட்களில் வெளியே ஆடலாம். அகலம் எந்த இடத்தில் 15க்குக் கீழே போகிறது என்று மட்டும் அளந்து, படத்தோடு அனுப்புங்கள். மழைநீர் மேட்டிலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் படத்தில் தெரியவேண்டும்.